தொடக்கமிடம் அறியும் புரதக் கூட்டமைவு

தொடக்கமிடம் அறியும் புரதக் கூட்டமைவு என்பது மெய்க்கருவுயிரிகளின் உயிரணுக்களில் டி.என்.ஏ இரட்டிப்பு தொடங்கவேண்டிய இடங்களைக் குறித்துவைக்கும் ஆறு புரதங்களின் தொகுதி ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது ஓ.ஆர்.சி எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இதன் கூறுகள் ஓ.ஆர்.சி1 முதல் ஓ.ஆர்.சி6 வரை எண்ணிட்டுப் பெயரிடப்பட்டுள்ளன.

பாக்டீரியாவிலும் ரொட்டி ஈஸ்ட்டிலும் இரட்டிப்பு தொடங்கும் இடத்தை டி.என்.ஏவின் குறிப்பிட்ட எழுத்துவரிசை சுட்டிக்காட்டுகிறது. மனித உயிரணுவில் அத்தகைய பொதுவான எழுத்துவரிசை எதுவும் கண்டறியப்படவில்லை. மனித ஓ.ஆர்.சி, டி.என்.ஏவின் எழுத்துகளைவிட அதன் வடிவத்தையும், முறுக்கையும், அருகிலுள்ள ஹிஸ்டோன் புரதங்களில் உள்ள வேதிக்குறிகளையும் சார்ந்தே தன் இடத்தைத் தெரிவுசெய்கிறது. இத்தெரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பது மூலக்கூற்று உயிரியலில் இன்னும் முழுமையாகத் தீராத கேள்விகளுள் ஒன்றாகும்.

பல தொடக்கமிடங்களின் தேவை

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ முழுவதையும் ஒருமுறை படியெடுக்க வேண்டும். மனித உயிரணு ஒன்றில் 46 நிறப்புரிகளில் ஏறத்தாழ 620 கோடி கார இணைகள் உள்ளன. இவற்றை இரட்டிப்பதற்கு உயிரணுச் சுழற்சியில் உள்ள எஸ் கட்டம் பொதுவாக 8 மணி நேரம் அளவே நீடிக்கிறது.

இரட்டிப்பு தொடங்கும் இடத்தில் டி.என்.ஏவின் இரு இழைகளும் பிரிகின்றன. அங்கிருந்து இரு திசைகளிலும் இரண்டு இரட்டிப்புக் கவைகள் நகர்கின்றன. மனித உயிரணுவில் ஒரு கவை நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,000 முதல் 2,000 கார இணைகளைக் கடக்கிறது. முதலாம் நிறப்புரியின் நீளம் ஏறத்தாழ 24.8 கோடி கார இணைகள். அதன் நடுவில் ஒரேயொரு தொடக்கமிடம் மட்டும் இருந்தால், இரு கவைகளும் நிமிடத்திற்கு 2,000 வீதம் இடைவிடாது நகர்ந்தாலும் வேலை முடிய 43 நாட்கள் ஆகும். எனவே ஒவ்வொரு சுழற்சியிலும் மனித உயிரணு 30,000 முதல் 50,000 வரையான இடங்களில் இரட்டிப்பைத் தொடங்குவதாக மதிப்பிடப்படுகிறது.

இங்கு இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். தொடக்கமிடங்கள் மிகக் குறைவாக இருந்தால் சில பகுதிகள் படியெடுக்கப்படாமல் விடுபடும். ஒரே இடம் ஒரே சுழற்சியில் இருமுறை தொடங்கினால் அப்பகுதி மிகையாகப் பெருகும். இரண்டுமே நிறப்புரிகளின் முறிவுக்கு வழிவகுக்கும்.

வரலாறு

1963 இல் பிரான்சுவா ஜேக்கப், சிட்னி பிரென்னர், பிரான்சுவா குசான் ஆகியோர் இரட்டிப்பின் தொடக்கத்தை விளக்க ஒரு மாதிரியை முன்வைத்தனர். இதன்படி டி.என்.ஏவில் ஒரு குறிப்பிட்ட வரிசை அடையாளமாக விளங்கும். தொடக்கிப் புரதம் ஒன்று அவ்வரிசையை அறிந்து அதனுடன் பிணையும். அதன் பின் இரட்டிப்பு தொடங்கும். எசரிக்கியா கோலை என்ற பாக்டீரியாவில் இம்மாதிரி அப்படியே பொருந்தியது. அதன் 46 லட்சம் கார இணைகள் கொண்ட வட்ட நிறப்புரியில் ஒரு தொடக்கமிடமே உள்ளது. தொடக்கிப் புரதம் அங்குள்ள 9 எழுத்துக் குறுவரிசைகளை அறிந்து பிணைகிறது.

1979 இல் ரொட்டி ஈஸ்ட்டில், தன்னுடன் இணைக்கப்பட்ட டி.என்.ஏ வளையத்தைத் தனியே இரட்டிக்கச் செய்யும் துண்டுகள் கண்டறியப்பட்டன. இத்துண்டுகளில் தைமின் மிகுந்த 11 எழுத்துப் பொதுவரிசை ஒன்று காணப்பட்டது. 1992 இல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஆர்பர் ஆய்வகத்தில் ஸ்டீபன் பெல், புரூஸ் ஸ்டில்மன் ஆகிய இருவரும் இவ்வரிசையுடன் பிணையும் ஆறு புரதங்களின் தொகுதியைப் பிரித்தெடுத்தனர். அதுவே ஓ.ஆர்.சி எனப் பெயர் பெற்றது. 1995 முதல் மனிதரிலும் பிற விலங்குகளிலும் இதற்கு ஒப்பான புரதங்கள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன.

புரதங்கள் ஒத்திருந்ததால் அவை அறியும் வரிசையும் மனித டி.என்.ஏவில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவ்வாறு எதுவும் கிடைக்கவில்லை. 2003 இல் தவளை முட்டைச் சாற்றிலிருந்து தவளையின் ஓ.ஆர்.சி நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக மனித ஓ.ஆர்.சி சேர்க்கப்பட்டது. சாற்றில் இரட்டிப்பு மீண்டும் நிகழ்ந்தது. ஆனால் மனித ஓ.ஆர்.சி எந்தக் குறிப்பிட்ட வரிசையையும் தேடவில்லை. அடினினும் தைமினும் மிகுந்த பகுதிகளின்பால் சிறிது நாட்டம் மட்டுமே அதனிடம் காணப்பட்டது.

அமைப்பு

ஓ.ஆர்.சி1 முதல் ஓ.ஆர்.சி5 வரையான ஐந்து கூறுகளும் ஏ.டி.பி மூலக்கூறுடன் பிணையும் புரதக் குடும்பத்தின் மடிப்பைக் கொண்டவை. இவை ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கம் திறந்த வளையமாக அமைகின்றன. டி.என்.ஏ இவ்வளையத்தின் நடுவே அமர்கிறது. சி.டி.சி6 என்ற மற்றொரு புரதம் வந்து திறந்த பக்கத்தை அடைத்து வளையத்தை முழுமையாக்குகிறது. ஓ.ஆர்.சி6 இக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. மனிதரில் அது மற்ற ஐந்துடன் தளர்வாகவே இணைந்துள்ளது.

மனித ஓ.ஆர்.சி எழுத்துகளைப் படிக்காததன் காரணம் இவ்வமைப்பிலேயே தெரிகிறது. 2018 இல் ஈஸ்ட்டு ஓ.ஆர்.சி டி.என்.ஏவைப் பற்றியிருக்கும் நிலை உறைகுளிர் எதிர்மின்னி நுண்ணோக்கி வழியாகத் துல்லியமாகக் காணப்பட்டது. வளையத்தின் பெரும்பகுதி டி.என்.ஏவின் வெளிப்புறத்திலுள்ள சர்க்கரை-பாசுபேட்டு முதுகெலும்பையே தொடுகிறது. அம்முதுகெலும்பு எல்லா வரிசைகளுக்கும் பொது. அதைத் தொடுவதால் எழுத்துகள் எவை என்று அறிய முடியாது. ஈஸ்ட்டின் ஓ.ஆர்.சி4 கூறில் மட்டும் ஒரு சிறிய ஆல்ஃபா சுருள் கூடுதலாக நீண்டு, டி.என்.ஏவின் அகன்ற பள்ளத்தினுள் நுழைந்து அங்குள்ள காரங்களைத் தொடுகிறது. மனித ஓ.ஆர்.சி4 கூறில் இச்சுருள் இல்லை.

2021 இல் வெளியான ஓர் ஆய்வில், ஈஸ்ட்டின் ஓ.ஆர்.சி4 கூறிலிருந்து இச்சுருள் நீக்கப்பட்டது. ஈஸ்ட்டு உயிர்வாழ்ந்தது. ஆனால் அதன் ஓ.ஆர்.சி வரிசைத் தெரிவை இழந்து, மனித உயிரணுவில் நிகழ்வதைப் போல, நியூக்கிளியோசோம்கள் குறைந்த பகுதிகளில் பிணையத் தொடங்கியது.

டி.என்.ஏவை இனங்காணும் வழிகள்

எழுத்துவரிசை மட்டுமே போதும் என்ற நிலை ஈஸ்ட்டிலும் இல்லை. அதன் மரபணுத்தொகையில் 11 எழுத்துப் பொதுவரிசைக்குப் பொருந்தும் இடங்கள் 12,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ 400 மட்டுமே தொடக்கமிடங்களாகச் செயற்படுகின்றன. சூழலும் சேர்ந்தே இடத்தை முடிவுசெய்கிறது. மனித உயிரணுவில் சூழலின் பங்கு மேலோங்கி நிற்கிறது. இதுவரை அறியப்பட்ட முக்கிய வழிகள் பின்வருமாறு.

முறுக்கு: டி.என்.ஏ தன் இயல்பான அளவைவிடக் குறைவாக முறுக்கப்பட்டிருக்கும்போது அதன் இழைகளைப் பிரிப்பது எளிது. 2004 இல் பழ ஈயின் ஓ.ஆர்.சி, தளர்ந்த டி.என்.ஏவைவிட எதிர்முறுக்குடைய டி.என்.ஏவுடன் ஏறத்தாழ 30 மடங்கு வலுவாகப் பிணைவது காட்டப்பட்டது. வரிசைக்கு இதில் பெரும் பங்கில்லை. விலங்குகளின் ஓ.ஆர்.சி, டி.என்.ஏவின் வடிவத்தை உணர்கிறது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று.

குவானின் நால்சரம்: குவானின் மிகுந்த இழையில் நான்கு குவானின்கள் ஒரு சதுரமாக ஒன்றையொன்று பற்றிக்கொள்ளக் கூடும். இத்தகைய சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவில் பொட்டாசியம் அயனி அமர்ந்து நிலைப்படுத்தும் அமைப்பு குவானின் நால்சரம் எனப்படுகிறது. குவானின்கள் இவ்வாறு சதுரமாக இணைவதை 1962 இல் மார்ட்டின் கெல்லர்ட்டும் உடன் பணியாற்றியோரும் விளக்கினர். நால்சரங்கள் மனித உயிரணுவிற்குள் உண்மையில் உள்ளன என்பதை, சென்னையில் பிறந்த வேதியியலாளர் சங்கர் பாலசுப்பிரமணியனின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழு 2013 இல் எதிர்ப்பொருளைக் கொண்டு காட்டியது. அதே ஆண்டில், நால்சரம் அமைக்கவல்ல ஒற்றையிழைகளுடன் மனித ஓ.ஆர்.சி தெரிந்தெடுத்துப் பிணைவதும், இதற்கு ஓ.ஆர்.சி1 கூறின் ஒரு பகுதி காரணமாவதும் அறிவிக்கப்பட்டன. 2014 இல் கோழி உயிரணுக்களில் நடந்த ஆய்வில், ஒரு தொடக்கமிடத்தின் நால்சர வரிசையைச் சிதைத்தபோது அவ்விடம் செயலிழந்தது. வரிசையின் திசையை மாற்றியபோது இரட்டிப்பு தொடங்கும் புள்ளியும் இடம் மாறியது. ஆயினும் நால்சரம் மட்டும் போதவில்லை. அருகிலுள்ள வேறொரு டி.என்.ஏ பகுதியும் தேவைப்பட்டது.

நியூக்கிளியோசோம்: உயிரணுவில் டி.என்.ஏ ஹிஸ்டோன் புரத உருளைகளின்மேல் சுற்றப்பட்டுள்ளது. ஒவ்வொரு சுற்றும் அதன் உருளையும் சேர்ந்து நியூக்கிளியோசோம் ஆகும். இவ்வுருளைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் ஓ.ஆர்.சி அமர இடமிருக்காது. அதனால் செயற்படும் மரபணுக்களின் முகப்பு போன்ற திறந்த பகுதிகளில் தொடக்கமிடங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஓ.ஆர்.சி1 கூறில் நியூக்கிளியோசோமைப் பற்றும் தனிப்பகுதியும் உண்டு. இப்பகுதி, எச்4 ஹிஸ்டோனின் 20ஆம் இடத்து லைசினில் இரண்டு மீத்தைல் தொகுதிகள் சேர்ந்திருப்பதை அறிந்து பிணைகிறது என்பது 2012 இல் கண்டறியப்பட்டது. ஆனால் எச்4 ஹிஸ்டோன்களின் பெரும்பகுதி இக்குறியைத் தாங்கியுள்ளது. எனவே இக்குறி ஓ.ஆர்.சியை நிலைநிறுத்த உதவுமேயன்றி, இடத்தைத் தனியே தீர்மானிக்க இயலாது.

துணைப்புரதங்களும் திரட்சியும்: வேறு சில புரதங்கள் ஓ.ஆர்.சியை நிறப்புரியின் குறிப்பிட்ட பகுதிகளில் தக்கவைக்கின்றன. 2019 இல் பழ ஈயின் ஓ.ஆர்.சி1, சி.டி.சி6, சி.டி.டி1 ஆகிய புரதங்களின் ஒழுங்கற்ற பகுதிகள் டி.என்.ஏவுடன் சேர்ந்து நீர்த்துளிகளைப் போலத் திரள்வது காணப்பட்டது. மனித ஓ.ஆர்.சி1 கூறும் இவ்வாறு திரளவல்லது. இத்திரட்சி தேவையான புரதங்களை ஓரிடத்தில் செறியச் செய்யலாம் எனக் கருதப்படுகிறது.

மேற்கண்டவற்றுள் எதுவும் தனித்துத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொன்றும் ஓர் இடத்தின் வாய்ப்பைச் சிறிது கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு உயிரணுக்கள்கூட ஒரே தொகுதி இடங்களைப் பயன்படுத்துவதில்லை.

இரட்டிப்பு தொடங்கும் படிகள்

இடத்தைக் குறிப்பதும் இரட்டிப்பைத் தொடங்குவதும் உயிரணுச் சுழற்சியின் வெவ்வேறு கட்டங்களில் நிகழ்கின்றன.

1. ஓ.ஆர்.சி டி.என்.ஏவைப் பற்றுகிறது. சி.டி.சி6 அதனுடன் இணைந்து வளையத்தை மூடுகிறது.
2. ஜி1 கட்டத்தில், சி.டி.டி1 புரதத்தின் துணையுடன் எம்.சி.எம் என்னும் ஆறு கூறு வளையங்கள் இரண்டு டி.என்.ஏவின்மேல் ஏற்றப்படுகின்றன. அவை ஒன்றையொன்று எதிர்நோக்கி ஒட்டிய இரட்டை வளையமாக அமைகின்றன. இதுவே உரிமமளித்தல் எனப்படும் படி.
3. எஸ் கட்டத்தில் இரண்டு கைனேசு நொதிகள் இத்தொகுதிக்குப் பாசுபேட்டுகளைச் சேர்க்கின்றன. சி.டி.சி45, ஜின்ஸ் ஆகியவை எம்.சி.எம் வளையங்களுடன் இணைந்து அவற்றைச் செயற்படும் சுருளவிழ்ப்பிகளாக்குகின்றன.
4. இரு வளையங்களும் பிரிந்து எதிரெதிர்த் திசைகளில் இழைகளை அவிழ்த்துச் செல்கின்றன. டி.என்.ஏ பாலிமரேசு நொதிகள் பின்தொடர்ந்து புதிய இழைகளை அமைக்கின்றன.

எம்.சி.எம் இரட்டை வளையத்தின் அமைப்பில் ஈஸ்ட்டுக்கும் மனிதருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஈஸ்ட்டில் ஏற்றப்பட்ட நிலையில் வளையத்தினுள் உள்ள டி.என்.ஏ இன்னும் பிரியாத இரட்டைச் சுருளாகவே இருக்கிறது. மனித உயிரணுவிலிருந்து எடுக்கப்பட்ட இரட்டை வளையங்களை 2023 இல் ஆராய்ந்தபோது, இரு வளையங்களும் சந்திக்கும் இடத்தில் சில கார இணைகள் ஏற்கெனவே பிரிந்திருந்தன. மனிதரில் இழைகள் பிரிவதற்கான முதல் விரிசல் உரிமமளிக்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது என்பதை இது காட்டுகிறது. 2024 இல் தூய்மைப்படுத்திய மனிதப் புரதங்களை மட்டும் கொண்டு இவ்வேற்றம் ஆய்வகத்தில் முழுமையாக நிகழ்த்திக் காட்டப்பட்டது. அதில் ஓ.ஆர்.சி6 ஏற்றத்தை ஊக்குவித்தாலும் அது இன்றியும் ஏற்றம் நடைபெற்றது.

ஒரு சுழற்சிக்கு ஒருமுறை

ஒரு சுழற்சியில் ஒருமுறை மட்டுமே இரட்டிப்புக்கு உரிமம் கிடைக்கிறது என்ற கருத்தை 1988 இல் ஜூலியன் புளோ, ரான் லாஸ்கி ஆகியோர் தவளை முட்டைச் சாற்று ஆய்வுகளின் அடிப்படையில் முன்வைத்தனர். மனித உயிரணுவில் இக்கட்டுப்பாட்டிற்குப் பல தடைகள் ஒரே வேளையில் இயங்குகின்றன. எஸ் கட்டம் தொடங்கியதும் ஓ.ஆர்.சி1, சி.டி.டி1 ஆகியவை சிதைக்கப்படுகின்றன. 1998 இல் கண்டறியப்பட்ட ஜெமினின் என்ற புரதம் எஞ்சிய சி.டி.டி1 புரதத்தைப் பற்றி முடக்குகிறது. உயிரணு பிரியும்போது ஜெமினின் அழிக்கப்படுவதால், மகள் உயிரணுக்கள் அடுத்த ஜி1 கட்டத்தில் மீண்டும் உரிமமளிக்க முடிகிறது.

எஸ் கட்டத்தில் புதிய உரிமம் வழங்க இயலாது என்பதால், உயிரணு முன்கூட்டியே தேவைக்கு மிகுதியான எம்.சி.எம் வளையங்களை ஏற்றிவைக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை பயன்படுவதில்லை. கவை ஒன்று வழியில் நின்றுவிட்டால் அருகிலுள்ள உறங்கும் தொடக்கமிடம் இயங்கி மீதியை முடித்துக்கொடுக்கிறது.

கண்டறியும் முறைகளும் கருத்து வேறுபாடுகளும்

மனிதத் தொடக்கமிடங்களின் வரைபடங்கள், அவற்றைப் பெறப் பயன்பட்ட முறையைப் பொறுத்து மாறுபடுகின்றன. புதிதாக உருவான குறுகிய இழைகளைப் பிரித்தெடுக்கும் முறை, நால்சர வரிசைகளுக்கு அருகில் அமைந்த ஆயிரக்கணக்கான குறுகலான இடங்களைக் காட்டியது. இம்முறையில் பழைய டி.என்.ஏவை அகற்ற லாம்டா எக்சோநியூக்கிளியேசு என்ற நொதி பயன்படுகிறது. இந்நொதி நால்சரங்களை எளிதில் செரிப்பதில்லை என்றும், அதனால் நால்சரங்கள் இருக்கும் இடங்கள் மிகையாகத் தோன்றலாம் என்றும் 2015 இல் சுட்டிக்காட்டப்பட்டது.

ஒகசாகி துண்டுகளை வரிசைப்படுத்தும் வேறொரு முறை 2016 இல் மனித உயிரணுக்களில் பயன்படுத்தப்பட்டது. இது 1,50,000 கார இணைகள் வரை அகன்ற தொடக்கப் பரப்புகளைக் காட்டியது. அப்பரப்பினுள் இரட்டிப்பு எப்புள்ளியிலும் தொடங்கலாம். குறுகலான புள்ளிகளா, அகன்ற பரப்புகளா என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

வைரசுகள்

மனித உயிரணுவில் பெருகும் சில வைரசுகள் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்துள்ளன. எஸ்.வி40 வைரசின் டி-எதிர்ப்பியாக்கி என்ற புரதம் தன் தொடக்கமிடத்தின் எழுத்துவரிசையைத் தானே அறிந்து, சுருளவிழ்ப்பியாகவும் தானே செயற்படுகிறது. அதற்கு ஓ.ஆர்.சி தேவையில்லை. அதனால் அது ஒரே சுழற்சியில் பலமுறை பெருக முடிகிறது. எப்ஸ்டீன்-பார் வைரசு, உறங்குநிலையில் இருக்கும்போது, தன் புரதம் ஒன்றைக் கொண்டு மனித ஓ.ஆர்.சியைத் தன் டி.என்.ஏவுக்கு அழைத்துவருகிறது. அதனால் அது உயிரணுவின் விதிக்கு உட்பட்டுச் சுழற்சிக்கு ஒருமுறையே இரட்டிக்கிறது.

நோய்கள்

2011 இல் மையர்-கார்லின் கூட்டறிகுறி என்ற அரிய பரம்பரை நோய்க்கு ஓ.ஆர்.சி1, ஓ.ஆர்.சி4, ஓ.ஆர்.சி6, சி.டி.சி6, சி.டி.டி1 ஆகியவற்றின் மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்கள் காரணமாவது கண்டறியப்பட்டது. இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் குறைந்த உயரமும் சிறிய காதுமடல்களும் உடையோராக இருப்பர். முழங்காற்சில் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும். தொடக்கமிடங்கள் குறைவதால் வளர்ச்சிக் காலத்தில் உயிரணுக்கள் போதிய வேகத்தில் பிரிய இயலாமை இதற்கு ஒரு விளக்கமாகக் கூறப்படுகிறது. இந்நோயாளிகளில் காணப்படும் ஓ.ஆர்.சி1 மாற்றங்கள் சில, மேலே கூறிய நியூக்கிளியோசோமைப் பற்றும் பகுதியிலேயே அமைந்துள்ளன. வரிக்குதிரை மீன்களில் ஓ.ஆர்.சி1 அளவைக் குறைத்தபோது உடல் குறுகியது. இயல்பான மனித ஓ.ஆர்.சி1 கொடுத்தபோது இக்குறை நீங்கியது. ஹிஸ்டோன் குறியை அறிய இயலாத ஓ.ஆர்.சி1 அக்குறையை நீக்கவில்லை.

புற்றுநோயிலும் இதற்குத் தொடர்புண்டு. சில புற்றுமரபணுக்கள் ஜி1 கட்டத்தைச் சுருக்கி உயிரணுவை முன்கூட்டியே எஸ் கட்டத்திற்குள் தள்ளுகின்றன. அப்போது மரபணுக்களின் உட்பகுதிகளில் இயல்பாக இல்லாத தொடக்கமிடங்கள் இயங்குவது 2018 இல் காட்டப்பட்டது. அங்கு இரட்டிப்பும் ஆர்.என்.ஏ படியெடுப்பும் மோதிக்கொள்வதால் டி.என்.ஏ முறிவுகள் உண்டாகின்றன.

விடை காணப்படாத கேள்விகள்

2016 இல் வெளியான ஆய்வொன்று, பெருங்குடல் புற்றுநோயிலிருந்து பெறப்பட்ட மனித உயிரணுக்கள் ஓ.ஆர்.சி1 அல்லது ஓ.ஆர்.சி2 இன்றியும் தொடர்ந்து பிரிவதாக அறிவித்தது. 2021 இல் மற்றோர் ஆய்வுக்குழு, இக்கூறுகளை விரைவாக அகற்றும்போது உயிரணுக்கள் கடுமையாகப் பாதிக்கப்படுவதைக் காட்டி அம்முடிவை மறுத்தது. தூய்மைப்படுத்திய புரதங்களைக் கொண்ட ஆய்வுகள் எம்.சி.எம் ஏற்றத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளதைக் காட்டுகின்றன. உயிருள்ள உயிரணுவில் அவற்றுள் எவ்வழி எவ்வளவு பயன்படுகிறது என்பது தெளிவாகவில்லை. உரிமம் பெற்ற இடங்களுள் எவை உண்மையில் இயங்கும், எவை உறங்கும் என்பதைத் தீர்மானிப்பது எது என்பதும் ஆய்வில் உள்ளது.

இவற்றையும் பார்க்க

டி.என்.ஏ இரட்டிப்பு
உயிரணுச் சுழற்சி
நியூக்கிளியோசோம்
குவானின் நால்சரம்
மையர்-கார்லின் கூட்டறிகுறி